ரிட்டன் விமானத்தில் வந்த தாய்மாமன்

என் சித்தப்பா மகன் சேகர் தனி விமானத்தில் கோவாவுக்குப் போன படத்தை உறவுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்ட அன்றிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. அகலமான தோல் இருக்கை, பக்கத்தில் வட்டச் சன்னல், கையில் ஆரஞ்சு ஜூஸ், தோளில் மட்டும் வழக்கமான எண்ணெய்க் கறைத் துண்டு. சங்கராபுரத்தில் கல்யாணச் சமையல் செய்கிறவன் அவன். சென்னையில் யாரோ ஒரு பெரிய மனிதர் அவன் வைத்த கறிக்குழம்பைச் சாப்பிட்டு மயங்கி, தன் வீட்டு விசேஷத்துக்கு மசாலா மூட்டையோடு அவனையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நான் கள்ளக்குறிச்சியில் டிராவல்ஸ் வைத்திருக்கிறேன். இரண்டு கார், ஒரு வேன். ஊரில் பாதிப் பேரைத் திருப்பதிக்கும் வேளாங்கண்ணிக்கும் ஏற்றி இறக்கியவன். பயணம் என்றால் எங்கள் குடும்பத்தில் என் பெயரைத்தான் சொல்வார்கள். அந்தப் படம் வந்த பிறகு என் தங்கை செல்வியின் மகள் இனியா, நாலு வயது வாண்டு, என்னைக் ‘கார் மாமா’ என்றும் அவனைப் ‘ப்ளேன் மாமா’ என்றும் கூப்பிட ஆரம்பித்தாள். பங்காளிக் காய்ச்சல் என்பார்களே, எனக்கு அது அனலாக அடித்தது. மாத்திரைக்கு அடங்குகிற காய்ச்சலா அது?

எனக்கு ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. இனியாவுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வக் கோயில். காது குத்தும்போது பிள்ளையைத் தாய்மாமன் மடியில்தான் உட்கார வைக்க வேண்டும். செல்விக்குக் கூடப் பிறந்தவன் நான் ஒருவன்தான். சேகரும் மாமன் முறைதான், ஆனால் சித்தப்பா மகன். தவிர, அன்றைக்குச் சமையலும் அவனுடையது. அந்த ஒரு நாளாவது அவன் அண்டாவுக்குப் பக்கத்தில் நிற்பான், நான் மாலையோடு மணையில் உட்கார்ந்திருப்பேன் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இந்த நேரத்தில்தான் கொழும்புப் பயணம் வந்தது. கள்ளக்குறிச்சியில் அரிசி மில் வைத்திருக்கும் நாராயணசாமி ஐயா என் பழைய வாடிக்கையாளர். அவருடைய நண்பர் வீட்டுக் கல்யாணம் கொழும்பில். ஐயாவுக்குத் தனியாகப் போகப் பயம், மகன்களைக் கூட்டிப்போகக் கோபம். “நீ வாடா குமாரு, பேச்சுத் தொணைக்கு” என்றார். காதுகுத்துக்கு முந்தின நாள் காலையிலேயே சென்னைக்குத் திரும்பிவிடுவதாக ஏற்பாடு. சரி என்று கிளம்பினேன்.

கொழும்பில் முதல் நாள் முழுக்கச் சாப்பாடுதான். இடியப்பத்தை நம் ஊரில் ஒரு தட்டுக்கு இரண்டு வைத்துவிட்டுச் சர்க்கரையைத் தூவுவார்கள். அங்கே சின்னச் சின்னதாக ஒரு கோபுரமே கட்டிக் கொண்டுவந்து வைத்தார்கள். தேங்காய்ப்பால் சொதியை ஊற்றி, தேங்காய்ச் சம்பலை அள்ளி வைத்து அடித்தேன். பரிமாறிய அம்மா, “இன்னும் ரெண்டு எடுங்கோ தம்பி, வெக்கப்படாதேங்கோ” என்றார். நான் வெட்கத்தை விட்டு வெகு நேரம் ஆகியிருந்தது. சேகர் இருந்தால் சம்பலில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று சமையலறைக்குள்ளேயே போயிருப்பான் என்று தோன்றியது. கடல் தாண்டி வந்தும் அவன் நினைப்புதான்.

ஓட்டோ சவாரியும் ஒன்று போனோம். நம் ஊர் ஆட்டோவைத்தான் அங்கே அப்படிச் சொல்கிறார்கள். ஓட்டியவர் சிங்களக்காரர். சிக்னலில் பக்கத்து ஓட்டோக்காரரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். என்ன என்று கேட்டேன். கொஞ்சம் தமிழிலும் மீதியைக் கைச் சாடையிலும் விளக்கினார். ‘பின்னால் இருக்கிற பெரியவர் நான் பிரேக் போடுவதற்கு முன்னால் அவர் பிரேக் போடுகிறார்’ என்று சொன்னாராம். உண்மைதான். நாராயணசாமி ஐயா என் காரிலும் அப்படித்தான் காலை ஊன்றிக்கொண்டே வருவார்.

இரண்டாம் நாள் கல்யாணம். பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்தவர் சென்னைக்காரர், ரமேஷ் என்று பெயர். என்ன தொழில் என்று கேட்டேன். “தனி விமானம் பிடிச்சுக் குடுக்கறது சார். நானும் டிராவல்ஸ்தான், உங்கள மாதிரி” என்றார். என் கையிலிருந்த அப்பளம் அப்படியே நின்றுவிட்டது.

விமானம் வாங்காமலேயே அதில் பறக்க எத்தனை வழி இருக்கிறது என்று பாயசம் வருவதற்குள் சொல்லி முடித்தார். முழு விமானத்தையும் வாடகைக்குப் பிடிக்கலாம். வருஷத்துக்கு இத்தனை மணி நேரம் என்று முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு, வேண்டும்போது கூப்பிட்டுப் பறக்கலாம். நாலைந்து பேர் சேர்ந்து ஒரே விமானத்தில் பங்கு போடலாம். சில ஊர்களுக்கு ஒற்றை சீட் மட்டும்கூடக் கொடுக்கிறார்களாம். என் மண்டைக்குள் எல்லாம் கார் பாஷையில் ஓடியது. முழு வாடகை, மாத வாடகை, ஷேர் வண்டி. இதில் என்ன இருக்கிறது, உளுந்தூர்பேட்டை முக்கூட்டு ரோட்டில் தினமும் நடக்கிறதுதானே!

“சமையல்காரரா, நர்ஸா, அப்படிப் பெரியவங்களோட ஒட்டிக்கிட்டுப் போறவங்களும் உண்டு சார். ஆனா அது சவாரி இல்ல, வேலை” என்றார்.

எனக்கு அந்த மனிதரைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ‘அது சவாரி இல்ல, வேலை.’ இந்த வார்த்தையைக் குழுவில் எப்படிப் போடலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்ததைச் சொன்னார். விமானம் ஆளை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புமாம். அப்படித் திரும்பும்போது சும்மா போகிற சீட்டில் யாரையாவது ஏற்றிக்கொள்வார்களாம்.

“ரிட்டன் வண்டி!” என்று கத்திவிட்டேன். பந்தியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ரிட்டன் வண்டியைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சென்னையில் ஆளை இறக்கிவிட்டுக் காலியாக வரும் காரில் தாம்பரத்தில் நாலு பேரை ஏற்றி விழுப்புரத்தில், உளுந்தூர்பேட்டையில் என்று உதிர்த்துக்கொண்டே வருவது எங்கள் பிழைப்பில் ஒரு பகுதி. ரமேஷ் கையில் அப்போது அப்படி ஒரு விமானம் இருந்தது. ஹைதராபாத் முதலாளி ஒருவர் குடும்பத்தோடு கொழும்பில் வந்து இறங்கியிருந்தார். விமானம் மறுநாள் மதியம் காலியாகச் சென்னைக்குப் போகிறது. முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டு எனக்குச் சீட் வாங்கித் தருவதாகச் சொன்னார். பதிலுக்கு அவர் குடும்பம் திருவண்ணாமலை போகும்போது என் வேன் போக வேண்டும். வேன் என்ன, நானே ஓட்டிக்கொண்டு போகிறேன் என்றேன்.

நாராயணசாமி ஐயாவுக்கு இது பிடிக்கவில்லை. “டிக்கெட் போட்டது கீதே, அதுல வந்து சேருடா. நாளன்னிக்குக் காதுகுத்து. உனுக்கு இன்னாத்துக்கு இந்த வேல?”

“மதியமே கெளம்புதுங்க ஐயா. உங்களுக்கு ஒரு நாலு மணி நேரம் பின்னாடி வருவேன், அவ்ளோதான்.”

“பெரிய எடத்து வண்டி. நம்ம அவசரம் அதுக்குத் தெரியாது” என்று சொல்லிவிட்டு, மூன்றாம் நாள் காலை அவர் மட்டும் போனார். விமான நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார், தனியாகப் போகிற பயத்தில். நான் அதைக்கூடச் சரியாகக் கவனிக்கவில்லை.

தனி விமானத்துக்குத் தனி வாசல். பெரிய கூட்டம் முட்டி மோதும் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடிக் கதவு. உள்ளே சோபா, பூ ஜாடி, வெள்ளித் தட்டில் முந்திரிப் பருப்பு. பெட்டியை ஒருவர் வாங்கிக்கொண்டார், இன்னொருவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். பூ ஜாடி பின்னால் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துக் குழுவில் போட்டேன். ‘தனி விமானத்துக்காகக் காத்திருக்கிறேன். இது சவாரி, வேலை இல்லை.’ சேகர் உடனே ஒரு கும்பிடு போட்டான். வேறு ஒன்றும் எழுதவில்லை. அந்தக் கும்பிடு எனக்கு உறைத்தது. எரிச்சல்படுவான் என்று பார்த்தால் கும்பிடுகிறான்!

மதியம் போனது. முதலாளி வீட்டுச் சாமான் இன்னும் வரவில்லை, சாயங்காலம் கிளம்பும் என்றார்கள். சாயங்காலம் போனது. சாமான் வந்தது, ஆனால் முதலாளி அம்மா கடையில் எதையோ மறந்து வைத்துவிட்டார்களாம், காலையில்தான் கிளம்பும் என்றார்கள். அப்போதே எழுந்து ஓடி ராத்திரி விமானத்துக்கு ஒரு டிக்கெட் எடுத்திருந்தால் காரியம் கெட்டிருக்காது. கால் நகரவில்லை. குழுவில் படம் போட்டாயிற்றே! இனி எல்லோரையும் போல வரிசையில் நின்று வந்து இறங்கினால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன்?

செல்வி போன் செய்தாள். ஏற்கெனவே எல்லோரும் மலைக்கு ஏறியிருந்தார்கள். “எங்கண்ணே இருக்கற? நீ வந்தாதான் மடினு புள்ள சொல்லிகினே கீறா.”

“வந்துகினே இருக்கேன்னு சொல்லு. காலைல கெளம்பறேன். முகூர்த்தத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட முடியுமா பாரு.”

பின்னால் சேகரின் குரல் கேட்டது. “சாமியாண்ட நான் பேசறேன், நீ பதறாம வாண்ணே.” சாமி என்றது பூசாரியை. பேசியும் விட்டான். முகூர்த்தம் பகல் நல்ல நேரத்துக்குத் தள்ளிப்போனது. இதிலும் அவன்தான் கெட்டிக்காரன் என்று பேர் வாங்கிக்கொண்டான் பாருங்கள்.

மறுநாள், காதுகுத்து அன்று, விடிந்ததும் ஏற்றிவிட்டார்கள். ஏறும்போதே பழக்க தோஷத்தில் டயரைக் குனிந்து பார்த்தேன், புது டயர்தான். எட்டு சீட். எட்டிலும் நான் ஒருவன். ஒரு சீட்டில் கால், ஒரு சீட்டில் பை, ஒரு சீட்டில் நான் என்று உட்கார்ந்தேன். கடைசியில் மெத்தை தைத்த ஒரு கூடை இருந்தது. முதலாளி வீட்டு நாய்க்காம். நாய் கொழும்பில் தங்கிவிட்டது, மெத்தை மட்டும் போகிறது. என் வேனில் பின் சீட் கிழிந்து இரண்டு வருஷம் ஆகிறது. அந்த மெத்தையைத் தொட்டுப் பார்த்துவிட்டு அந்த நாயின் மேலும் கொஞ்சம் பொறாமைப்பட்டேன்.

இரண்டு பைலட்டுகள். பெரியவர் இந்திக்காரர். துணைக்கு இருந்தது ஒரு பெண், பெயர் கீர்த்தனா, கோயம்புத்தூர்க்காரர். மேலே போனதும் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, “டீ வேணும்னா பிளாஸ்க்ல இருக்குதுங்ணா, நீங்களே ஊத்திக்கோணும்” என்றார். எனக்கு நானே டீ ஊற்றிக்கொண்டேன். படமும் நானே எடுத்துக்கொண்டேன். அனுப்பத்தான் சிக்னல் இல்லை. எட்டு சீட் விமானத்தில் ஒற்றை ஆளாகப் பறக்கிறேன், பார்க்க ஒரு நாதி இல்லை. சேகர் படத்தில் அவனை எடுத்தது யார் என்று அப்போதுதான் யோசித்தேன். அவனுக்குப் பேச்சுத் துணைக்கு ஆள் இருந்திருக்கிறது.

கடல் முடிந்து பச்சை ஆரம்பித்தபோது அந்தப் பெண் மறுபடி வந்தார். முகம் சரியில்லை. “ஒரு சின்ன மாத்தங்ணா. ஓனர் சொல்லியனுப்பியிருக்காரு. சென்னை இல்லீங்க, நேரா ஹைதராபாத்.”

எனக்குக் காது அடைத்தது. “ஹைதராபாத்தா? எனக்கு இன்னிக்குக் காதுகுத்தும்மா!”

“உங்களுக்குங்களா?”

“என் தங்கச்சி மகளுக்கு. நான் தாய்மாமன். என் மடியில உக்கார வெக்கணும்!”

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். காசு கொடுத்து எடுத்த சவாரி என்றால் கேள்வி கேட்கலாம், முதலாளி தயவில் வருகிறவன் எதைச் சொல்லிச் சண்டை போடுவது? ரிட்டன் வண்டியில் ஏறியவன் கதி இதுதான். டிரைவர் நிறுத்துகிற இடத்தில் டீ குடிக்க வேண்டும், அவன் திரும்புகிற பக்கம் திரும்ப வேண்டும். எத்தனை பேரை நானே விழுப்புரத்துக்குப் பதிலாகத் திண்டிவனத்தில் இறக்கிவிட்டிருக்கிறேன்! சீட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணே கூப்பிட்டார். “அண்ணா, இடது பக்கம் பாருங்க. கல்வராயன் மலைங்க. உங்கூர்ப் பக்கம்தானுங்களே?”

சன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தேன். மேகம் இல்லாத காலை. நீலப் பச்சையாய் மலை படுத்துக் கிடந்தது. அடிவாரத்தில் சின்னதாகப் பளபளத்தது கோமுகி அணை. அதற்கு மேலே எங்கோ ஒரு கோயில் வாசலில் என் தங்கை பந்தல் போட்டு உட்கார்ந்திருக்கிறாள், இனியா மாமா வந்துவிட்டாரா என்று கேட்டுக்கொண்டிருப்பாள், சேகர் அண்டாவில் கரண்டியைப் போட்டுக் கிண்டிக்கொண்டிருப்பான். ஊரில் இருக்கிற அத்தனை பேர் தலைக்கு மேலேயும் நான் இருக்கிறேன், ஒருத்தருக்கும் தெரியாது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. உளுந்தூர்பேட்டையில் வெள்ளைக்காரன் காலத்து விமானத் தளம் ஒன்று சும்மா கிடக்கிறது. எங்கள் பக்கத்தில் அது தெரியாத ஆள் கிடையாது. கார் ஓட்டப் பழகும்போது நானே அதில் ஓட்டியிருக்கிறேன். எழுந்து போய்க் கதவைத் தட்டினேன்.

“அம்மா, இப்படியே கீழ எறங்குனா உளுந்தூர்பேட்டையில ஒரு பழைய ரன்வே இருக்கு. நல்லா நீட்டமா இருக்கும். ஓரமா நிறுத்துங்க, நான் குதிச்சு எறங்கிடறேன். அங்கருந்து நம்ம வண்டி வந்துடும். அஞ்சு நிமிஷம்கூட ஆகாது!”

அந்தப் பெண் அதைப் பெரியவருக்கு இந்தியில் சொன்னார். பெரியவர் சிரிக்கவில்லை, திரும்பி என்னை மரியாதையாகப் பார்த்தார். அவர் சொன்னதை அந்தப் பெண் எனக்குச் சொன்னார்: ‘ஐயாவிடம் சொல்லு, எனக்கும் மூன்று தங்கைகள் இருக்கிறார்கள். முடிந்தால் நெல் வயலில்கூட இறக்குவேன். முடியாது.’ பிறகு அந்தப் பெண் தன் பங்குக்கு, “போய்ப் பெல்ட் போட்டுக்கோங்ணா, உங்களப் பாத்தாப் பாவமா இருக்குது” என்றார். மலை பின்னால் போய்விட்டது.

ஹைதராபாத்தில் இறங்கி, பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கி வெளியே வந்து போனைத் திறந்தால், மலையில் யாருக்கும் சிக்னல் கிடைக்கவில்லை. அங்கே ஒரு மேட்டில் ஏறி நின்றால்தான் போன் பேசும். இட்லி வாங்கி வைத்துக்கொண்டு சாப்பிடாமல் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தேன். முகூர்த்தம் தாண்டிய பிறகு செல்வியே பேசினாள். “எங்கண்ணே கீற? சென்னையா?” “ஹைதராபாத்.” “அங்க இன்னாத்துக்குப் போன?” “ரிட்டன் வண்டி...” என்று இழுத்தேன். “நேரம் போயிடுச்சுண்ணே. புள்ளைய சேகர் அண்ணன் மடில உக்கார வெச்சி...” அதற்கு மேல் சிக்னல் அறுந்துவிட்டது.

சென்னைக்கு வேறு விமானம் பிடித்து, என் வண்டிகள் சொந்தக்காரர்களோடு மலையில் இருந்ததால் அங்கிருந்து அரசுப் பேருந்து ஏறினேன். உளுந்தூர்பேட்டையில் சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள். கொழும்பின் இடியப்பக் கோபுரத்தை நினைத்துக்கொண்டு, கல் மாதிரி இருந்த பரோட்டாவைப் பிய்த்தேன். பக்கத்து மேசையில் ஒருவர், “குருமா கம்மியா ஊத்தற, காசு மட்டும் ஜாஸ்தி வாங்கற” என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். என் கோபத்தை எல்லாம் அவரே கொட்டித் தீர்த்ததுபோல நிம்மதியாக இருந்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்தேன், தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலை மலைக்கு முதல் பேருந்து. கச்சிராயபாளையம் தாண்டி அணையை ஒட்டி ஏறும்போது தண்ணீரைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். பாதி மலையில் மரவள்ளிக்கிழங்கு லாரி ஒன்று வளைவில் நின்றுவிட்டதால் எங்களை இறங்கச் சொன்னார்கள். லாரிச் சக்கரத்துக்கு எல்லோரும் கல் வைத்துக்கொண்டிருந்தபோது, வெள்ளிமலைக்காரர் ஒருவர் என் சீர்த் தட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார். “இன்னா விசேசங்க?”

“காதுகுத்து. தங்கச்சி மகளுக்கு.”

“அது நேத்தே ஆயிடுச்சிங்களே! நானும் சாப்ட்டனே. கொழம்பு இன்னா ருசிங்க! சமையக்காரரு ஏரோப்ளேன்ல போனவராமே? அவரு மடிலதான் புள்ளைக்குக் காதும் குத்துனாங்க.”

லாரிக்கு வைக்கப் பொறுக்கிய கல்லை அவர் மேலேயே போடலாமா என்று இருந்தது.

கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தேன். எல்லோரும் மண்டபத்தில்தான் தங்கியிருந்தார்கள். செல்வி என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இனியா மொட்டைத் தலையில் சந்தனத்தோடு தூணுக்குப் பின்னால் நின்றாள். ஒரு காதில் தங்கக் கம்பி மின்னியது, இன்னொரு காது சும்மா இருந்தது. நான் இரண்டு முறை பார்த்தேன்.

“இன்னா பாக்கற? சேகர் அண்ணன்தான் குத்த வுடல” என்றாள் செல்வி. “ஒரு காது குத்துன ஒடனே புள்ளையோட இன்னொரு காத கையால பொத்திக்கினாரு. இது எங்க அண்ணனோட உரிம, அவரு வந்துதான் குத்தணும்னு ஒரே புடி. பெரியவங்க அத்தன பேரும் திட்டுனாங்க, ஒத்தக் காதோட புள்ளைய வெக்கலாமானு. கேக்கலியே!”

சேகர் அடுப்படியிலிருந்து வந்தான். அந்தப் பழைய துண்டு தோளில். “வாண்ணே. காது குத்துற ஆசாரிய ராத்திரி இங்கியே தங்க வெச்சிட்டேன். உப்புமா சாப்ட்டுகினு கீறாரு. நீ மொதல்ல மொகம் கழுவு.”

எனக்கு வந்ததை நன்றி என்று சொன்னால் அது பொய். நல்லவன் என்ற பெயரையும் இவனே எடுத்துக்கொண்டானே என்றுதான் வயிறு எரிந்தது.

மெல்ல அவனே கேட்டான். “உன் ப்ளேன்ல எத்தினி சீட்டுண்ணே?”

“எட்டு. நான் ஒருத்தன்தான்.”

“என்னுது ஆறு. அதுல நாலுல மசாலா மூட்ட” என்றான். குரல் இறங்கியிருந்தது. அப்பாடா என்று இருந்தது எனக்கு.

அவன் இனியாவைத் தூக்கக் கை நீட்டினான். அவள் ‘வீல்’ என்று கத்தினாள். “நீ வேணாம் போ! குத்துற மாமா!” நேற்றிலிருந்து அவனிடம் போகவே இல்லையாம். அவன் பொரித்துக் கொடுத்த அப்பளத்தைக்கூடத் தூக்கிப் போட்டுவிட்டாளாம். கத்திக்கொண்டே ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். “கார் மாமா! கார் மாமா!”

என்ன சொல்வேன்! அத்தனை பேர் பார்க்க, ப்ளேன் மாமா கையை நீட்டியபடி நிற்க, பிள்ளை என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தோளில் முகத்தை வைத்துக்கொண்டது. எத்தனை மாதக் காய்ச்சல் ஒரே நிமிஷத்தில் இறங்கியது! நான் சேகரை நேராகப் பார்த்தேன். சந்தோஷத்தை மறைக்கவும் இல்லை. அவன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

மாலை போட்டார்கள். மணையில் உட்கார்ந்தேன். இனியா தானாகவே மடியில் ஏறி உட்கார்ந்து, வாயில் வெல்லமும் பொட்டுக்கடலையுமாக என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். “நீ குத்த மாட்ட இல்ல மாமா?” என்றாள். நான் தலையை எப்படி ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆசாரி எனக்குப் பின்பக்கமாக வந்து நின்றார். அந்த நிமிஷம் எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. சேகரைப் பார்த்து, “நீயே உக்காருடா” என்று வாய்வரை வந்தது.

“புள்ள தலையைப் புடிங்க மாமனே” என்றார் ஆசாரி. பிடித்தேன்.

அந்த அலறல் மலை முழுக்கக் கேட்டிருக்கும். இனியா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அழுகைகூட ஒரு கணம் நின்றது. பிறகு என் மார்பில் இரண்டு குத்துக் குத்திவிட்டு மடியிலிருந்து வழுக்கி இறங்கினாள். செல்வி கையை நீட்டினாள், பிள்ளை நின்று பார்க்கவில்லை. அவளைத் தாண்டி நேராக அடுப்படிப் பக்கம் ஓடிப்போய், சேகரின் வேட்டியைப் பிடித்து ஏறி, அந்த எண்ணெய்த் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

“கார் மாமா கெட்ட மாமா” என்று துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

“ஆமாடி தங்கம், கெட்ட மாமா” என்று அவள் மொட்டைத் தலையைத் தடவிக் கொடுத்துக்கொண்டே சேகர் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். முகத்தில் அத்தனை வெளிச்சம். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அவன் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.